விராலடிப்பானுக்குப் பாண்டியன் பெயரா? பறவைகளின் கிரேக்கப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலம் வந்தால் தனுஷ்கோடி, மண்டபம், காரங்காடு என்று பறவை பார்க்க ஆட்கள் வருவார்கள். நானும் சேர்ந்துகொள்வேன். தொலைநோக்கியை ஸ்டாண்டில் மாட்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிற யாராவது ஒருவர், "இந்தச் சாய்வெழுத்துல இருக்கிறது என்ன சார், வாயில நுழைய மாட்டேங்குது" என்று ஆரம்பிப்பார். மணலில் நின்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதிலும் எழுதிவிட்டேன்.

"அறிவியல் பெயர்னா லத்தீன்தானே? கிரேக்கம் எங்கேயிருந்து வந்துச்சு?"

பாதி சரி. எழுத்தும் இலக்கணமும் லத்தீன், ஆனால் உள்ளே இருக்கிற சொற்களில் ஏராளம் கிரேக்கம். நாம் 'பஸ்ஸுக்கு', 'பஸ்ஸில்' என்று சொல்கிறோமே, பஸ் வேற்றுச் சொல், உருபு மட்டும் தமிழ். அதே வேலைதான் அங்கேயும் நடந்தது. கிரேக்கத்தில் 'ஓஸ்' என்று முடிகிற சொல்லை 'உஸ்' என்று மாற்றினால் லத்தீனுக்குள் வந்துவிடும்.

சுவீடன்காரர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பிலிருந்துதான் விலங்குப் பெயர்களின் கணக்கு தொடங்குகிறது. அன்றைக்கு ஐரோப்பாவில் படித்தவர்கள் எழுதிக்கொண்டது லத்தீனில். பறவைகளைப் பற்றி அவர்கள் கையில் இருந்த பழைய நூல்களில் முக்கியமானது அரிஸ்டாட்டில் எழுதியது, அது கிரேக்கம். தவிர கிரேக்கத்தில் இரண்டு சொல்லை ஒட்டிப் புதுச் சொல் செய்வது சுலபம், தமிழில் 'நெடுங்கால்', 'செம்மூக்கு' என்று ஒட்டுகிற மாதிரி. புதிதாகப் பெயர் வேண்டியவர்கள் எல்லாரும் அந்தக் கடைக்குத்தான் போனார்கள்.

"ஒரு பறவைக்கு எதுக்கு ரெண்டு சொல்லு?"

முதல் சொல் பேரினம், இரண்டாவது அதற்குள் எந்த இனம் என்பது. நம் ஊரில் ஒரே வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் குடும்பப் பெயரும் ஆளின் பெயரும் சொல்கிறோமே, அவ்வளவுதான். இரண்டும் ஒரே மொழியில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பூநாரைக்குப் பீனிகாப்டெரஸ் ரோசியஸ் என்று பெயர். முதல் சொல் கிரேக்கம், 'ரோசியஸ்' லத்தீன், ரோஜா நிறம் என்று அர்த்தம்.

"நம்ம தமிழ்ப் பேரே அழகா இருக்கே, அது போதாதா?"

பேசுவதற்குப் போதும். நானும் தமிழ்ப் பெயரில்தான் பேசுகிறேன். ஆனால் குறிப்பு எழுதும்போது வம்பு வரும். பவளக்கால் உள்ளான் என்றால் ஒரு பறவை, கறுப்புச் சிறகு, முழங்காலுக்கு மேல் முழங்கால் வைத்த மாதிரி நீண்ட இளஞ்சிவப்புக் கால். பவளக்காலி என்றால் வேறு பறவை, பழுப்பு உடம்பு, நடுத்தரக் கால். ஒருமுறை கணக்கெடுப்பில் ஒரு தம்பி இரண்டையும் 'பவளக்கால்' என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். மாலை டீக்கடையில் உட்கார்ந்து, எது எத்தனை என்று பிரிக்க முடியாமல் அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டோம். ஹிமான்டோபஸ் என்றோ டிரிங்கா என்றோ எழுதியிருந்தால் அந்தக் காலைப்பொழுது வீணாகியிருக்காது.

கோட்டானும் அப்படித்தான். பறவை பார்ப்பவர்களுக்கு அது வளைந்த மூக்குக்காரக் கரைப்பறவை, ஊர்ப்பேச்சில் அது ஆந்தை. "ராத்திரி புளியமரத்துல கோட்டான் கத்துச்சு" என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், ஜப்பானில் உட்கார்ந்து பட்டியல் பார்க்கிறவருக்குத் தெரியாது.

"பூநாரைக்கும் பீனிக்ஸ் பறவைக்கும் சொந்தமா? சாம்பல்ல இருந்து எழுந்து வருமே அது?"

சொல்லளவில் சொந்தம். கிரேக்கத்தில் 'பொய்னிக்ஸ்' என்பது கருஞ்சிவப்பு நிறத்துக்கும் பெயர், பேரீச்ச மரத்துக்கும் பெயர், அந்தக் கதைப் பறவைக்கும் பெயர். 'டெரோன்' என்றால் சிறகு. ஆக பீனிகாப்டெரஸ் என்றால் செஞ்சிறகன். இதை லின்னேயஸ் புதிதாகச் செய்யவில்லை, கிறிஸ்து பிறப்பதற்கு முன்னாலேயே கிரேக்கர்கள் இந்தப் பறவையை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஏன் சிறகு என்று கேட்பவர்களை நான் தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்வேன். தூரத்தில் நிற்கிற பூநாரை வெள்ளையாகத்தான் தெரியும், இளஞ்சிவப்பு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். தலையை நீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டே இருக்கும். திடீரென்று கூட்டம் கிளம்பும். அப்போது சிறகு விரிகிற ஒரு நொடியில் மேலே குங்குமச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. மறுபடி இறங்கி மடித்துக்கொண்டால் பழையபடி வெள்ளை. பெயர் வைத்தவன் பறக்கும்போது பார்த்திருக்கிறான். அந்தப் பகுதியை 2025இல் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது.

'டெரோன்' உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். ஹெலிகாப்டர் என்பதை நாம் ஹெலி, காப்டர் என்று பிரித்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஹெலிக்ஸ், டெரோன், அதாவது சுருள், சிறகு. உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானதளத்துக்கு ஐஎன்எஸ் பருந்து என்று பெயர். அங்கிருந்து ஹெலிகாப்டர் பறந்து வந்து பூநாரைக் கூட்டத்தைக் கிளப்பும்போதெல்லாம் ஒரு டெரோன் இன்னொரு டெரோனை விரட்டுகிறது என்று சொல்வேன். யாரும் சிரிப்பதில்லை, ஆனாலும் சொல்வேன்.

"மொத்தத்தையும் மனப்பாடம் பண்ண முடியாது அண்ணே. எதைத் தெரிஞ்சுக்கிட்டா பாதிப் பேரு புரியும்?"

உடம்பு உறுப்புகளில் நாலைந்து, நிறத்தில் நாலைந்து. 'போஸ்' அல்லது 'பூஸ்' என்றால் கால், பெயரில் 'பஸ்' என்று வரும். ஆக்டோபஸ் என்றால் எட்டுக் கால், நாம் பேய்க்கணவாய் என்கிறோமே அது. அதே 'பஸ்'தான் பவளக்கால் உள்ளானின் ஹிமான்டோபஸ்ஸிலும் இருக்கிறது. 'ஹிமாஸ்' என்றால் தோல்வார். பறக்கும்போது அந்தக் கால்கள் வாலுக்குப் பின்னால் நீளமாய்த் தொங்குவதைப் பாருங்கள், சாட்டைவார் மாதிரி இருக்கும். சிப்பி பிடிக்கிற கறுப்பு வெள்ளைப் பறவை ஹீமாடோபஸ். 'ஹைமா' என்றால் ரத்தம், ரத்தக்கால்.

ரத்தத்துக்கு ஹீமோகுளோபினை நினைவில் வையுங்கள். லுக்கேமியா என்ற நோயின் பெயரில் 'லூக்கோஸ்' வெள்ளை, 'ஹைமா' ரத்தம், இரண்டும் இருக்கின்றன. கறுப்புக்கு மெலனின், 'மெலாஸ்'. பச்சைக்குக் குளோரோபில், 'குளோரோஸ்'. தலை 'கெஃபலே', மூக்கு 'ரிங்கோஸ்', வால் 'ஊரா'. இவ்வளவு போதும். வெள்ளை அரிவாள்மூக்கனின் பெயர் திரெஸ்கியோர்னிஸ் மெலனோகெஃபலஸ் என்று வந்தால் இரண்டாம் சொல் கறுந்தலை என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும். முதல் சொல்லில் 'ஓர்னிஸ்' பறவை, முன்னால் இருப்பது வழிபாட்டைக் குறிப்பது. எகிப்தியர்கள் இதன் சொந்தக்காரப் பறவையைத் தெய்வமாக வைத்திருந்தார்கள், அந்தப் பெருமை நம் கண்மாயில் நத்தை பொறுக்குகிற இதற்கும் வந்துவிட்டது.

"உச்சரிப்பு எப்படி? தப்பாச் சொன்னா சிரிப்பாங்களே?"

சிரிக்கிறவர் எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள், அவரும் தப்பாகத்தான் சொல்வார். இன்று உலகத்தில் யாரும் அரிஸ்டாட்டில் பேசினதுபோல் பேசுவதில்லை. ஜெர்மன்காரர் ஒரு மாதிரி, இங்கிலாந்துக்காரர் ஒரு மாதிரி. அசை விடாமல் நிதானமாகச் சொன்னால் போதும். 'ch' என்று எழுதியிருக்கும் இடத்தில் பெரும்பாலும் 'க்' என்று படியுங்கள், அவ்வளவுதான் என் அறிவுரை.

"கிரேக்கர்கள் நம்மளை மாதிரிதான் பேர் வச்சாங்களா, இல்ல பெரிய தத்துவமா?"

தத்துவமெல்லாம் இல்லை. மீன்பிடிக்கிறவனும் மாடு மேய்க்கிறவனும் பார்த்ததைச் சொன்னார்கள். கரிச்சானை நாம் இரட்டைவால் குருவி என்கிறோம். அதன் அறிவியல் பெயர் டைகுரூரஸ் மேக்ரோசெர்கஸ், முதல் சொல்லுக்குக் கவட்டை வால் என்று அர்த்தம், இரண்டாவது நீண்ட வால். நாம் நீர்க்காகம் என்கிற பறவையைக் கிரேக்கர்களும் காக்கை என்றுதான் நினைத்தார்கள். ஃபேலக்ரோகோராக்ஸ், வழுக்கைக் காக்கை. அங்கே இருக்கும் நீர்க்காகத்துக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலையில் வெள்ளை இறகு வரும், அதைப் பார்த்து வழுக்கை என்றிருக்கிறார்கள். கூழைக்கடாவின் பெலிகேனஸ், 'பெலெகுஸ்' என்கிற கோடாரியிலிருந்து வந்தது. நத்தைகுத்தி நாரைக்கு அனஸ்டோமஸ், வாய் திறந்தது. மூடிய மூக்கின் நடுவில் சந்து தெரியும், அதனால். கூடவே ஆசிட்டன்ஸ் என்று லத்தீனில் 'கொட்டாவி விடுகிற' என்று வேறு சேர்த்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோட்டான்களின் பேரினப் பெயர், நியூமேனியஸ். 'நேயோஸ்' புதிய, 'மேனே' நிலா. அந்தக் கீழ்நோக்கி வளைந்த மூக்கு பிறை மாதிரி. கீழக்கரை நண்பர் ஒருவருக்கு இதைச் சொன்னதிலிருந்து, சேற்றில் கோட்டான் தெரிந்தால் "பிறை பார்த்தாச்சு" என்று போன் பண்ணுகிறார்.

"விராலடிப்பான் பேர்ல பாண்டியன்னு இருக்கே, நம்ம பாண்டியனா?"

இந்தக் கேள்வியை ராமநாதபுரத்திலும் மதுரையிலும் மட்டும்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன், கேட்கவும் வேண்டும். விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகின் பெயர் பாண்டியோன் ஹேலியீட்டஸ். இரண்டாம் சொல் 'ஹல்ஸ்' கடல், 'ஏடோஸ்' கழுகு, கடற்கழுகு. முதல் சொல், ஏதென்ஸ் நகரத்து மன்னன் ஒருவனின் பெயர், கிரேக்கப் புராணத்தில் வருகிறவன். பிரெஞ்சுக்காரர் சவின்யி 1809இல் வைத்தது. நம் பாண்டியன் இல்லை.

ஆனால் கேள்வி அப்படி ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. கிரேக்க மொழியில் எழுதிய பழைய ஆசிரியர்கள் நம் பாண்டிய மன்னனையும் 'பாண்டியோன்' என்றேதான் எழுதினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்ரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்கிற கடல்வழிக் குறிப்பிலும், இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியலிலும் அப்படித்தான் இருக்கிறது, தாலமி மதுரையைப் பாண்டியோனின் தலைநகர் என்கிறார். அவர்கள் காதில் விழுந்த தமிழ்ப் பெயரை வீட்டில் தெரிந்த பெயராக ஆக்கிக்கொண்டார்கள். வைகை கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்தில் தோண்டினால் ரோமானியக் காசும் பானையோடும் கிடைக்கின்றன, கப்பல் படம் கீறிய ஓடுகூடக் கிடைத்தது. ஆக யவனர் வந்துபோன கரையில் நின்றுகொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள். பறவைக்கு வந்த பெயர் மட்டும் அந்த வழியாக வரவில்லை.

"அந்த ஏதென்ஸ் பாண்டியோனுக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்?"

கதை கொஞ்சம் கொடூரமானது, பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் பாதியைத்தான் சொல்வேன். பாண்டியோனுக்கு இரண்டு பெண்கள், புரோக்னே, ஃபிலோமேலா. மூத்தவளைத் தெரேயஸ் என்கிற மன்னன் கட்டினான். அவன் கொழுந்தியாளைக் கெடுத்து, வெளியே சொல்லக்கூடாது என்று நாக்கையும் அறுத்துவிட்டான். அவள் நடந்ததைத் துணியில் நெய்து அக்காளுக்கு அனுப்பினாள். அக்காளும் தங்கையும் சேர்ந்து அவன் பெற்ற பிள்ளையையே கொன்று அவனுக்குச் சமைத்துப் போட்டார்கள். அவன் வாளோடு துரத்த, தேவர்கள் மூவரையும் பறவையாக்கிவிட்டார்கள். தெரேயஸ் கொண்டலாத்தி ஆனான். பெண்களில் ஒருத்தி தகைவிலான், இன்னொருத்தி ராப்பாடிக் குயில். கிரேக்கர் கதையில் தங்கைதான் தகைவிலான், ரோமானியர்கள் பலர் மாற்றி அக்காளைத் தகைவிலான் ஆக்கிவிட்டார்கள்.

இப்போது தனுஷ்கோடிக்கு வாருங்கள். செம்மிளகாய் நிற மொத்த மூக்கோடு ஒரு பெரிய ஆலா பறக்கும், காஸ்பியன் ஆலா. அதன் பேரினம் ஹைட்ரோபுரோக்னே, அதாவது நீர்ப் புரோக்னே. ரோமானியர் கணக்குப்படி தண்ணீர்த் தகைவிலான். அதே நீர்ப்பரப்புக்கு மேலே விராலடிப்பான் வட்டமடிக்கும். கரையில் உடைமரத்தடியில் கொண்டலாத்தி மணலைக் குத்திக்கொண்டிருக்கும், அதன் பெயர் உப்புபா எப்பாப்ஸ், இரண்டும் அதன் குரலைக் கேட்டு வைத்தவை. 'எப்பாப்ஸ்' கிரேக்கம். கி.மு. 414இல் ஏதென்ஸில் அரிஸ்டோபனீஸ் போட்ட 'பறவைகள்' நாடகத்தில் கொண்டலாத்தியாக வருகிறவன் இந்தத் தெரேயஸ்தான். அப்பன், மகள், மருமகன், மூன்று பேரையும் ஒரே காலையில் ஒரே இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விராலடிப்பான் மீனைத் தூக்கியது, ஆலா அதன் பின்னாலேயே கத்திக்கொண்டு போனது, கொண்டலாத்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கண்டிப்பான ஆள் ஒருவர் இதில் ஓட்டை கண்டுபிடித்தார், சரியாகத்தான் கண்டுபிடித்தார். புராணத்தில் பாண்டியோன் என்று இரண்டு மன்னர்கள். புரோக்னேயின் அப்பன் ஒருவன். இன்னொருவனுடைய மகன் நீசஸ், உண்மையில் கடற்கழுகாக மாறியது அவன். பாண்டியோன் யாரும் பறவையாகவே இல்லை. நீசஸ்ஸின் பெயர் வேறொரு சிறு வல்லூறுக்குப் போய்விட்டது, அக்சிபிட்டர் நீசஸ். புராணம் தெரிந்தவர் பெயர் வைத்தாலும் இப்படித்தான்.

"மீன்கொத்தி பேர் ஹால்சியன். 'ஹால்சியன் நாட்கள்'னு அமைதியான நாளைச் சொல்றாங்களே, அதுவா?"

அதேதான். நம் ஊர்க் கம்பியில் உட்கார்ந்திருக்கிற வெண்மார்பு மீன்கொத்தி, ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ். இரண்டாவது சொல் ஸ்மிர்னா நகரம், இன்றைய துருக்கியின் இஸ்மிர். முதல் சொல் அல்கியோனே என்கிற பெண். புருஷன் கேயிக்ஸ் கடலில் மூழ்கிச் செத்தான், அவளும் கடலில் விழுந்தாள், இருவரும் மீன்கொத்தி ஆனார்கள். குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகிய நாளை ஒட்டி முன்னும் பின்னும் ஏழேழு நாள் அவள் கடல்மேல் கூடுகட்டி அடைகாப்பாள், அதற்காகக் காற்று அடங்கியிருக்கும் என்பது நம்பிக்கை. கேயிக்ஸ் பெயரிலும் ஒரு மீன்கொத்திப் பேரினம் உண்டு.

உண்மையில் மீன்கொத்தி மண்கரையில் வளை தோண்டித்தான் முட்டையிடும். அதுவும் போக, டிசம்பர் கடைசியில் கடல் அமைதி என்று பாம்பன்காரரிடம் சொன்னால் முறைப்பார். வாடைக்காற்று அடிக்கிற மாதம், வடகடல் கொந்தளிக்கும். ஆனால் அதே நாளில் பாலத்தின் மறுபக்கம் தென்கடல் ஓரளவு தணிந்திருக்கும், தொழிலுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் வள்ளத்தை மாற்றுவார்கள். அல்கியோனே நம் ஊரில் பிறந்திருந்தால் தென்கடலில்தான் கூடு கட்டியிருப்பாள்.

"பேர் எப்பவும் உண்மை சொல்லுமா?"

சொல்லாது. கொண்டைக்குருவியின் பெயர் பிக்னோநோடஸ் கேஃபர். முதல் சொல் அடர்ந்த முதுகு, சரி. இரண்டாவது தென்னாப்பிரிக்காவைக் குறிப்பது, ஆனால் அந்தப் பறவை ஆப்பிரிக்காவின் பறவையே இல்லை. மேலச்செல்வனூர் கண்மாயில் பார்க்கிற சங்குவளை நாரைக்கு மிக்டீரியா லூக்கோகெஃபலா, வெண்தலை. முன்தலை மொட்டையாய் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், வெள்ளை கழுத்துப் பக்கம்தான். கூழைக்கடாவின் ஃபிலிப்பென்சிஸ் மட்டும் வேறு கதை, முன்பு அது பிலிப்பைன்ஸில் இருந்தது, பிறகு அங்கே இல்லாமல் போய்விட்டது. பெயர் மட்டும் அங்கே இருக்கிறது.

பனைமரத்துக்கு ஒரு கூட்டம் பனை உழவாரன் சுற்றிக்கொண்டிருக்குமே, அதன் உறவுக்காரர்களுக்கு ஏபஸ் என்று பேரினப் பெயர். 'அ' இல்லாத, 'பூஸ்' கால். காலில்லாதது. கால் இருக்கிறது, ஆனால் ரொம்பச் சிறியது, தரையில் நடப்பதே இல்லை என்பதால் கிரேக்கர்கள் அப்படிச் சொன்னார்கள். இதைவிட மோசம் நியூகினிப் பக்கத்துச் சொர்க்கப் பறவை ஒன்று. வியாபாரிகள் கால் வெட்டின தோலை ஐரோப்பாவுக்கு அனுப்ப, லின்னேயஸ் அதற்கு அபோடா, காலில்லாதது என்றே வைத்துவிட்டார். பொருத்தமில்லை என்ற காரணத்துக்காகப் பெயரை மாற்ற விதி அனுமதிப்பதில்லை. மாற்ற ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? கறுப்பாக இருக்கிற வெள்ளைச்சாமி ரேஷன் கார்டில் பெயரை மாற்றிக்கொண்டா இருக்கிறார்?

"கடற்காகத்துக்குப் பழுப்புத் தலைன்னு பேரு, ஆனா தலை வெள்ளையாத்தானே இருக்கு?"

நீங்கள் பார்த்த மாதம் தப்பு. பழுப்புத்தலைக் கடற்காகம், குரோய்கோகெஃபலஸ் புருன்னிகெஃபலஸ். முதல் சொல் நிறம் பூசிய தலை. இரண்டாவதில் பாதி லத்தீன் பாதி கிரேக்கம், பழுப்புத் தலை. ராமேசுவரம் படகுத்துறையில் மீன் கழிவுக்குச் சண்டை போடுகிற டிசம்பரில் தலை வெள்ளை, காதோரம் மட்டும் மை இழுகின மாதிரி ஒரு கறை. மார்ச் மாதத்துக்கு மேல் போய்ப் பாருங்கள், சிலதுக்கு முகத்தில் காபி ஊற்றின மாதிரி பழுப்பு ஏறியிருக்கும். கொஞ்ச நாளில் வடக்கே கிளம்பிவிடும்.

"புத்தகத்துல கராட்ரியஸ்னு இருக்கு, செல்போன் ஆப்ல வேற என்னமோ இருக்கு. எது சரி?"

இரண்டும் சரி, ஆப் புதுசு. உப்புக்கொத்திகளில் பலவற்றை முன்பு கராட்ரியஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்ததில் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்று தெரிந்து பிரித்துவிட்டார்கள். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் ஓடுகிற கெண்டிஷ் உப்புக்கொத்தி இப்போது அனாரிங்கஸ் அலெக்சாண்ட்ரினஸ். 'ரிங்கோஸ்' முன்பே பார்த்தோம், மூக்கு. முன்னால் இருக்கிற 'அனா' திரும்பின, கோணின என்கிற அர்த்தத்தில். நியூசிலாந்தில் வலது பக்கம் மூக்கு வளைந்த உப்புக்கொத்தி ஒன்று உண்டு, அதற்கு வைத்த பெயர். நேரான மூக்குள்ள நம் உப்புக்கொத்தியும் அந்த வீட்டுக்குக் குடிபோனதால் கோணமூக்கு ஆகிவிட்டது.

கராட்ரியஸ் போனதில் எனக்கு வருத்தம்தான். 'கராட்ரா' என்றால் காட்டாறு அரித்த பள்ளம், அங்கே வாழ்கிற பறவை. மஞ்சள் காமாலைக்காரன் அதைப் பார்த்தால் காமாலை பறவைக்குப் போய்விடும் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். அதனால் விற்கிறவன் காசு வாங்குமுன் யாரும் ஓசியில் பார்த்துக் குணமாகிவிடக்கூடாது என்று மூடி வைப்பானாம். நமக்குக் கீழாநெல்லி போதும்.

"பேரினம் மாறினா ரெண்டாவது சொல்லோட வால் ஏன் மாறுது?"

ஆண்பால் பெண்பால். செம்மார்புக் குக்குறுவான் முன்பு மெகலைமா ஹீமாகெஃபலா, இன்று சைலோபோகன் ஹீமாகெஃபலஸ். 'போகன்' தாடி, ஆண்பால் சொல். அவன் வந்தான், அவள் வந்தாள் மாதிரி இரண்டாம் சொல்லும் ஒத்துப்போக வேண்டும். ரத்தத்தலை என்ற அர்த்தம் மாறவில்லை.

"விராலடிப்பானுக்கு ஹேலியீட்டஸ், வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு ஹேலியீ-யீட்டஸ்னு நீளமா ஒண்ணு பார்த்தேன். அச்சுப்பிழையா?"

நல்ல கண். கடற்கழுகின் பேரினத்தை எழுதும்போது ஓர் எழுத்து கூடுதலாக விழுந்தது, அதையும் அதே சவின்யி அதே 1809இல் எழுதினார். முதலில் எப்படி அச்சானதோ அப்படியே வைத்துக்கொள்வதுதான் பொதுவான வழக்கம் என்பதால் அப்படியே நின்றுவிட்டது. அர்த்தம் முன்பு சொன்ன கடற்கழுகேதான்.

"ஒரே சொல்லை ரெண்டு தரம் எழுதியிருக்காங்க, ஹிமான்டோபஸ் ஹிமான்டோபஸ். ஏன்?"

லின்னேயஸ் அதை உப்புக்கொத்திகளோடு சேர்த்து கராட்ரியஸ் ஹிமான்டோபஸ் என்றார். பிறகு அதற்கென்று தனிப் பேரினம் வந்தபோது ஹிமான்டோபஸ் என்றே பெயர் அமைந்தது. இனப்பெயரை விட முடியாது, ஆக இரண்டும் ஒன்றாகிவிட்டன. விலங்குகளுக்கு இது செல்லும், செடிகொடிகளுக்குச் செல்லாது.

"இவ்வளவு பேர்ல நம்ம தமிழ் எங்கேயாவது இருக்கா?"

இருக்கிறது, ஒளிந்துகொண்டு. கண்மாயில் மிதக்கும் குள்ளத்தாராவின் பெயர் நெட்டாபஸ் கோரமண்டேலியானஸ். 'நெட்டா' கிரேக்கத்தில் வாத்து, 'பஸ்' கால். இரண்டாவது சொல் கோரமண்டல், அது சோழமண்டலம் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது. கிரேக்க வாத்துக்காலில் சோழமண்டலம். உண்ணிக்கொக்கின் கோரமாண்டாவும் (முன்பு கோரமாண்டஸ்) அதே ஊர்தான்.

தெலுங்கு இன்னும் நேராக வந்துவிட்டது. ஆறுமணிக்குருவி, பிட்டா பிராக்கியூரா. 'பிட்டா' என்றால் தெலுங்கில் சிறு பறவை. 'பிராக்கிஸ்' குட்டை, 'ஊரா' வால். அந்த இரண்டாவது சொல்லை அப்படியே நண்டுகளின் பெரும்பிரிவுக்கும் வைத்திருக்கிறார்கள், வாலை வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருப்பதால். மண்டபத்தில் நண்டு வாங்கும்போது அதைத் திருப்பிப் பாருங்கள், அந்த முக்கோண மடிப்புதான் வால்.

"காக்காய்க்கு என்ன பேர் மாமா?"

இதைக் கேட்டது பாம்பனில் ஏழு வயசுப் பையன். அதில் கிரேக்கம் இல்லை. கார்வஸ் ஸ்பிளெண்டென்ஸ், இரண்டுமே லத்தீன், பளபளக்கிற காக்கை. அவன் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்த காக்கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். கழுத்தில் வெயில் பட்டு நீலமாய் மின்னியது. "ஆமா" என்றான்.